தீபாவளி முதல் காணும் பொங்கல் வரை: ஏரிக்கரை வீட்டின் குப்பைக் கணக்கு

எங்கள் பக்கம் பண்டிகைக் காலமும் மழைக்காலமும் ஒன்றாகவே வரும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரத்தில் தீபாவளி. கார்த்திகை விளக்கு வைத்துவிட்டு நிமிர்ந்தால் புயல் எச்சரிக்கை. மார்கழியில் கிறிஸ்துமஸ், தை பிறந்தால் பொங்கல். இந்த மூன்று மாதத்தில் வீட்டுக்குள் வந்து இறங்குகிற சாமான் வருஷத்தில் வேறு எப்போதும் வருவதில்லை. தெருவில் ஓடுகிற தண்ணீரும் அப்படித்தான். காட்டூர் மாதிரி ஊரில் பண்டிகைக் குப்பையைப் பற்றிப் பேசினால் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஊர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காட்டூர், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது. ஊரைச் சுற்றி நெல் வயல், ஏரிப் பாசனம். கொஞ்ச தூரம் போனால் பக்கிங்ஹாம் கால்வாய், மீனவக் குப்பங்கள், பழவேற்காடு ஏரி. வயலில் வேலை செய்கிற குடும்பமும் வலை போடுகிற குடும்பமும் ஒரே பஸ்ஸில் பொன்னேரி சந்தைக்குப் போய் வருகிற ஊர்கள் இவை.

நகரத்தில் குப்பையை வீட்டு வாசலில் வைத்தால் லாரி வந்து அள்ளிக்கொண்டு போய் எங்கோ கொட்டிவிடும். அந்த ‘எங்கோ’ கண்ணில் படாது. எங்களுக்கு அந்த ‘எங்கோ’ வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. தெருவில் கிடக்கும் கவர் மழையோடு வாய்க்காலுக்குப் போகும், வாய்க்காலிலிருந்து கால்வாய்க்கு, கால்வாயிலிருந்து ஏரிக்கு. முகத்துவாரம் திறந்திருந்தால் அங்கிருந்து கடலுக்கு. மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைத்திருந்தால் ஏரியிலேயே தங்கும். தீபாவளிக்கு வாங்கிய ஜவுளிக் கவர் தை மாசத்தில் இறால் வலையில் ஏறி வருவதில் ஆச்சரியமே இல்லை.

ஏரிக்குள் இறங்கிப் பார்த்தால்

இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி ஏரி பழவேற்காடு. ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலுமாகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. பெரும்பகுதி ஆந்திரப் பக்கம், தெற்கு ஓரம் நம் பக்கம். இவ்வளவு பெரிய ஏரி என்றாலும் பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கிற ஆழம்தான். ஆழம் இல்லாத தண்ணீரில் விழுந்தது அங்கேயே சேற்றில் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தச் சேற்றில்தான் இருளர் பெண்கள் இறால் பிடிக்கிறார்கள். வலை கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவித் தடவிப் பிடிப்பது. பிடித்த இறாலைப் போட ஓலையில் முடைந்த பறி. கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். ஒரு நாள் கரையில் நின்று இதைப் பார்த்துவிட்டு வாருங்கள். கம்பி மத்தாப்பின் எரிந்துபோன கம்பி, உடைந்த பீர் பாட்டில், தகர மூடியின் ஓரம் இவையெல்லாம் கடைசியில் யார் விரலில் குத்தும் என்பதை அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

வலை போடுகிறவர்களுக்கு வேறு மாதிரித் தொல்லை. வலையை இழுத்துக் கரையில் உதறினால் மடவையோடும் நண்டோடும் சிப்ஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டில், தெர்மாகோல் துண்டு எல்லாம் விழும். அதைப் பிரித்தெடுக்க நேரம் ஆகும். இறால் நேரத்தோடு ஏலத்துக்குப் போகாவிட்டால் விலை இறங்கிவிடும். பண்டிகைக் குப்பை எங்கள் பக்கம் சுத்தம், அழகு என்பதோடு நிற்கவில்லை. அன்றைய கூலியிலேயே கை வைக்கிறது.

குப்பை உள்ளே வரும் வழி

குப்பையைக் குறைப்பது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குப்பைத் தொட்டியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி, மக்கும் குப்பை, மக்காத குப்பை. எல்லாம் சரிதான், செய்யத்தான் வேண்டும். ஆனால் தொட்டிக்கு வரும்போது பாதி விஷயம் கைமீறிப் போயிருக்கும். பண்டிகைக் குப்பை எவ்வளவு சேரும் என்பது பத்து நாள் முன்னால், மளிகை லிஸ்ட் எழுதும்போதே முடிவாகிவிடுகிறது என்பதுதான் என் கட்சி.

வீட்டுக்கு வரும் சாமானை நினைத்துப் பாருங்கள். கடலை மாவு, பச்சரிசி, வெல்லம், ஏலக்காய், முந்திரி, எண்ணெய். சமைத்து முடித்தால் இவற்றில் எதுவும் குப்பை ஆவதில்லை. மிஞ்சுவதை மாடு தின்னும், கோழி கொத்தும், மண் தின்னும். மிச்சம் நிற்பதெல்லாம் அவற்றைக் கட்டி வந்த பாக்கெட். அரைக் கிலோ பாக்கெட் நான்கு வாங்கினால் நான்கு உறை. இரண்டு கிலோ தளர்வாக டப்பாவில் வாங்கினால் உறையே கிடையாது. பலகாரத்தைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. உறையைக் குறைத்தால் போதும்.

நடைமுறையில் என்ன தகராறு வரும் தெரியுமா? தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், கடையில் கூட்டம் நெருக்கும்போது டப்பாவை நீட்டினால் கடைக்காரர் முகம் மாறும்.

“ஏம்மா, இந்தக் கூட்டத்துல டப்பாவ நீட்டுறியே, பின்னாடி எத்தினி பேரு நிக்கிறாங்க பாரு.”

அவர் சொல்வது நியாயம்தான். டப்பா எடை கழிக்க வேண்டும், அள்ள வேண்டும், நேரம் ஆகும். அதனால் நான் கண்ட வழி இது: ஒரு வாரம் முன்னாலேயே மதியம் இரண்டு மணிக்கு, கடை தூங்கி வழியும் நேரத்தில், லிஸ்ட்டையும் டப்பாக்களையும் ஒரு கட்டைப் பையில் போட்டுக் கடையிலேயே வைத்துவிட்டு வருவது. “அண்ணே, பொறுமையா போட்டு வையுங்க, நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்” என்றால் எந்தக் கடைக்காரரும் மறுப்பதில்லை. எண்ணெய்க்கு செக்கில் கேன் கொடுத்து வாங்குவது. டப்பா மூடியில் வெறும் எடையை ஒரு முறை எழுதி ஒட்டிவிட்டால் அடுத்த வருஷம் எடை கழிக்கும் வேலையும் மிச்சம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பை கொண்டு போகும் பழக்கம் இன்னும் சாகாத ஒரே இடம் ரேஷன் கடை. பொங்கலுக்கு அரசு கொடுக்கும் பச்சரிசியையும் சர்க்கரையையும் வாங்க, பை எடுக்காமல் யாராவது கிளம்புகிறோமா? கரும்பைத் தோளில் சாய்த்து, பையைக் கையில் பிடித்து, வரிசையில் நின்று வாங்கி வருகிறோம். அங்கே கவர் கிடைக்காது என்று தெரியும், அதனால் எடுத்துப் போகிறோம். மளிகைக் கடையில் கிடைக்கும் என்று தெரியும், அதனால் கையை வீசிக்கொண்டு போகிறோம். மறதி என்று சொல்வதெல்லாம் சும்மா.

துணி மாதிரி இருக்கும், துணி இல்லை

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. எந்த மைக்ரான் ஆனாலும் கேரி பேக் கூடாது, பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், தெர்மாகோல் கப், உறிஞ்சு குழல், தண்ணீர் பாக்கெட் கூடாது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது, கோயம்பேடு மார்க்கெட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம்கூட வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஜவுளிக் கடையில் தீபாவளிக்குத் துணி எடுத்தால் கலர் கலராக ஒரு பை கொடுக்கிறார்கள். துணிப்பை மாதிரியே இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெய்த நூல் தெரியாது, வரிசையாக அமுக்கிய புள்ளி புள்ளியாகத் தெரியும். அது பாலிபுரோபிலீன், சாட்சாத் பிளாஸ்டிக். 2019 தடைப் பட்டியலில் இதுவும் இருக்கிறது. வெயிலில் இரண்டு மாசம் கிடந்தால் நார் நாராக உதிர்ந்து மண்ணில் கலந்துவிடும், பொறுக்கவே முடியாது. சாதாரணக் கவரையாவது முழுசாக எடுக்கலாம்.

எங்கள் பக்கத்துக்குப் பை பஞ்சமே இல்லை என்பதுதான் வேடிக்கை. பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், ஜமீலாபாத் பக்கம் பெண்கள் பனை ஓலையில் கூடை, பெட்டி, பை என்று விதவிதமாக முடைகிறார்கள். வெளியூர்க்காரர்கள் தேடி வந்து வாங்கிப் போகிறார்கள். உள்ளூரில் நாம் அதை அலங்காரப் பொருளாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

எங்கள் அத்தை அதிரசத்தை ஓலைப் பெட்டியில்தான் வைப்பார். “டப்பாவுல வெச்சா வேர்த்து வழியும், ஓலையில வெச்சாத்தான் அப்பிடியே இருக்கும்” என்பது அவர் சட்டம். ஆனால் முறுக்குக்கு இந்தச் சட்டம் செல்லாது. அடைமழை நேரத்தில் ஓலைப் பெட்டியில் முறுக்கு ஒரே நாளில் நமத்துப் போகும், அதற்குத் தகர டப்பா. இந்த இரண்டும் இருந்தால் பலகாரம் வைக்க ஜிப் கவர், பிளாஸ்டிக் ஜாடி எதுவும் வேண்டாம்.

பேர் வெட்டின தூக்கு

அக்கம்பக்கத்துக்குப் பலகாரம் கொடுப்பதில் ஒரு பழைய மரியாதை உண்டு. பாத்திரத்தில் வந்ததைக் காலிப் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது. நாலு முறுக்கோ ஒரு வெல்லக் கட்டியோ போட்டுத்தான் தர வேண்டும். தீபாவளிக்கு நாம் தூக்கில் அனுப்பினால், நோன்புப் பெருநாளுக்கு அதே தூக்கில் அங்கிருந்து பிரியாணி வரும், கிறிஸ்துமஸுக்குக் கேக் வரும். பழவேற்காட்டுப் பக்கம் மூன்று மதத்துக்காரர்களும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருப்பதால் தூக்கு சும்மா இருக்கவே இருக்காது.

இப்போது எல்லாம் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. காரணம் கேட்டால் “பாத்திரம் திரும்பி வராதுங்க” என்பார்கள். அதற்குத்தானே நம் அம்மாக்கள் பேர் வெட்டி வைத்தார்கள்? கல்யாணத்துக்கு வாங்கிய எவர்சில்வர் பாத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள், அடியிலோ விளிம்பிலோ இனிஷியலோடு பேரும் தேதியும் இருக்கும். இன்றைக்கும் பாத்திரக் கடையில் அந்தச் சின்ன மெஷினை வைத்து நிமிஷத்தில் வெட்டித் தருகிறார்கள். சின்னதாக ஆறு தூக்கு வாங்கிப் பேர் வெட்டி வைத்துக்கொண்டால் தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ், பொங்கல் நான்குக்கும் ஆகும். தலைமுறைக்கும் ஆகும்.

வெடிக் குப்பையும் வேட்டங்குடியும்

பட்டாசு வேண்டாம் என்று நான் உபதேசம் செய்யப் போவதில்லை. வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது அது நடக்காத காரியம். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று கொடுத்த தீர்ப்பில் வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்தது. தமிழ்நாட்டில் அதைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக்கொண்டார்கள். சரவெடிக்கும் அந்தத் தீர்ப்பில் தடை உண்டு. ஒரு சரம் வெடித்தால் தெரு முழுக்கச் சிவப்புக் காகிதம் பரவுமே, அதை நினைத்தால் குப்பைக்காக மட்டும்கூட அந்தத் தடை நல்லதுதான்.

நான் கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, வெடித்த காகிதத்தை அன்று ராத்திரியே கூட்டி அள்ளிவிடுங்கள். “காலைல பாத்துக்கலாம்” என்று படுத்தால் விடியற்காலை மழை வந்து அத்தனையையும் கூழாக்கி வாய்க்காலில் சேர்த்துவிடும். அந்தக் காகிதத்தில் வெடிக்காத மருந்து, கந்தகம், அலுமினியத் தூள் எல்லாம் ஒட்டியிருக்கும். உரக்குழியில் போடக்கூடாது, கொளுத்தவும் கூடாது. தனிச் சாக்கில் கட்டித் தூய்மைக் காவலரிடம் “இது வெடிக் குப்பை” என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். கை போட்டுப் பிரிக்கிறவர் அவர்தான்.

இரண்டு, மத்தாப்புக் கம்பி. வாசலில் ஒரு பழைய பக்கெட்டில் மணலோ தண்ணீரோ வைத்து, எரிந்து முடிந்ததை அதில் போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் விளையாட்டாகவே செய்வார்கள். சுடச்சுடக் கீழே போட்டுக் கால் வைத்துப் புண்ணாவதும் தப்பும், மறுநாள் கம்பி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். காயலான் கடையில் இரும்போடு இரும்பாக எடுத்துக்கொள்வார்கள்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகப் பல வருஷமாகவே பட்டாசு வெடிப்பதில்லை. எந்தச் சட்டமும் சொல்லாமல் ஊரே கூடி எடுத்த முடிவு அது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிற ஏரிக்கரையில் இருக்கிற நாம் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், ஏரியைப் பார்த்த கரையிலாவது வெடிக்காமல் ஊருக்குள் ஒரே இடத்தில் வெடிக்கலாம். குப்பையும் ஒரே இடத்தில் விழும்.

குடிலில் பெய்யும் தெர்மாகோல் பனி

கிறிஸ்துமஸ் நேரத்தில் பழவேற்காடு மகிமை மாதா ஆலயத்தைச் சுற்றியும் குப்பங்களிலும் ஸ்டார் தொங்கும், குடில் எழும். குடில் கட்டுகிற பிள்ளைகளின் கைவேலை பிரமாதமாக இருக்கும். வைக்கோல், மூங்கில், களிமண் எல்லாம் ஊரிலேயே கிடைக்கும் பொருள்தான். கெடுப்பது கடைசியில் தூவுகிற தெர்மாகோல் மணி. பெத்லகேமில் பனி பெய்ததோ இல்லையோ, நம் குடிலில் கட்டாயம் பெய்ய வேண்டும் என்று எப்படியோ வழக்கமாகிவிட்டது. ஏரிக் காற்றுக்கு அந்த மணிகள் ஒரு ராத்திரிகூடத் தாங்காது. தண்ணீரில் மிதக்கும் வெள்ளை மணி மீனுக்கு இரை மாதிரியே தெரியும். பஞ்சை உதிர்த்துப் போடுங்கள், அதே அழகு. ஸ்டாரைக் காகிதத்திலோ துணியிலோ மடக்கி வைக்கிற மாதிரி வாங்கினால் பரணில் போட்டு வருஷா வருஷம் எடுக்கலாம்.

போகியில் எரிவது எது

இந்தப் பதிவில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது போகியைப் பற்றித்தான்.

முன்பு போகிக்கு என்ன எரித்தார்கள்? கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், முறம், கூரையில் மாற்றிய பழைய கீற்று. எல்லாம் மண்ணில் முளைத்தவை. எரிந்தால் சாம்பல், சாம்பல் வயலுக்கு. இப்போது வீட்டில் பழையது என்று எது இருக்கிறது? பிளாஸ்டிக் பாய், ரெக்சின் பை, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, சைக்கிள் டயர். எங்கள் பக்கம் கூடுதலாக ஒன்று, பழைய நைலான் வலை.

நண்டு வலைக்கு ஆயுசு குறைவு. நண்டு வலையில் சிக்கினால் காலும் கொடுக்கும் பின்னிக்கொள்ளும். பிரித்தெடுக்கும் அவசரத்தில் இழை அறுந்துபோகும். கொஞ்ச நாளில் வலை ஓட்டையாகிவிடும். அப்படிச் சேர்ந்த வலை மூட்டை போகி அன்று வசதியாக நெருப்புக்குப் போகிறது. நைலான் எரிந்தால் வருகிற புகையில் ஹைட்ரஜன் சயனைடு உண்டு. பிவிசி எரிந்தால் டயாக்சின். டயர் எரிந்தால் கந்தகப் புகையும் கரியும். தை பிறக்கும் முந்தின விடியற்காலையில் காற்றே அசையாது, ஏரிமேல் பனி மூடிக் கிடக்கும், புகை மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக்கொள்ளும். அந்த நெருப்பைச் சுற்றித்தான் பிள்ளைகள் போகி மேளம் அடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

2018 போகி அன்று சென்னையில் புகையும் பனியும் கலந்து விமானங்களே இறங்க முடியாமல் பல தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஒவ்வொரு வருஷமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சென்னையில் போகிக்குக் காற்றை அளந்து சொல்கிறது. எங்கள் தெருவில் அளக்க ஆள் இல்லை. இருமல்தான் கணக்கு.

போகியை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு பழைய பாய், கொஞ்சம் வறட்டி, இரண்டு கீற்று. சம்பிரதாயத்துக்கு அது போதும். மற்றதையெல்லாம் அன்று வாசலில் மூன்று குவியலாகப் போடுங்கள். காயலான் கடைக்குப் போவது ஒன்று: இரும்பு, உடைந்த பிளாஸ்டிக் குடம், நாற்காலி, பேப்பர். இன்னொருவருக்கு ஆவது ஒன்று: சின்னதாகிப்போன பிள்ளைச் சட்டை, பள்ளிக்கூடப் பை, நல்ல சேலை. மூன்றாவது, யாருக்கும் ஆகாதது. அது மட்டும் தூய்மைக் காவலர் வண்டிக்கு. பண்டிகைக்கு வீட்டைக் காலி செய்யும் நாளே போகி என்றால், இதைவிடச் சுத்தமாகக் காலி செய்ய வழி இல்லை.

வலைக்கும் வழி இருக்கிறது. ஓட்டை வலையைத் தோட்டத்துக்கு வேலியாகக் கட்டலாம், கோழிக் கூண்டுக்கு மேலே போடலாம், கருவாடு காயவைக்க விரிக்கலாம். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் ஏதாவது ஒரு மூலையில் இது உண்டு. அதற்கும் மேல் சேர்ந்தால், சென்னை காசிமேட்டில் பழைய வலைகளை விலைக்கு எடுத்துக்கொள்ளும் சேகரிப்பு மையம் அரசு ஏற்பாட்டில் வந்திருக்கிறது. காசிமேடு வரை ஒரு வலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு யாரும் பஸ் ஏற மாட்டார்கள். போகிக்கு ஒரு வாரம் முன்னால் குப்பத்துக்கு ஒரு வேன் அனுப்பினால் எரிகிற வலை எல்லாம் எடைக்குப் போகும். மீன்வளத் துறைக்கு இது பெரிய செலவில்லை.

காணும் பொங்கல்: வந்தவர்கள் போன பிறகு

வீட்டுப் பொங்கலில் குப்பையே கிடையாது. பானை, மஞ்சள் கொத்து, கரும்பு, வாழை இலை. கரும்புச் சக்கையைத் தெருவில் துப்பாமல் ஒரு கூடையில் போட்டால் காயவைத்து அடுப்புக்கு ஆகும், இல்லாவிட்டால் செடிக்கு மூடாக்கு. மாட்டுப் பொங்கல் அன்று ஒன்று மட்டும் ஜாக்கிரதை: மிச்சச் சோற்றைக் கவரோடு கட்டித் தெருவில் வைக்காதீர்கள். மாடு கவரையும் சேர்த்துத் தின்றுவிடும். அது சாணத்தோடு வெளியே வராது, வயிற்றிலேயே தங்கி மாட்டைக் கொல்லும். மாட்டுக்கே பண்டிகை வைத்துவிட்டு மாட்டுக்கே எமனாக வேண்டாம்.

பிரச்சினை அடுத்த நாள். காணும் பொங்கலுக்குச் சென்னையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வேன் வேனாகப் பழவேற்காடு கடற்கரைக்கு ஜனம் வரும். வரட்டும், நம் பெண்கள் விற்கிற வறுத்த மீனுக்கும் நண்டுக்கும் அன்றுதான் வியாபாரம். அவர்கள் விட்டுப்போகிற பிரியாணிப் பொட்டலம், பேப்பர் பிளேட், தண்ணீர் பாட்டில், உடைத்த மது பாட்டில் இவைதான் தாங்கவில்லை.

இதைத் தடுக்க முடியாது என்று சொல்லாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்த 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு உல்லாசப் படகு சவாரிக்குத் தடை போட்டார்கள். உயிர் போனதும் தடை போட முடிந்த இடத்தில், கை கிழிவதற்கு முன்னால் ஒரு சோதனைச் சாவடி போட முடியாதா? நீலகிரியில் மலை ஏறும் வண்டிகளை நிறுத்திப் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதே நீலகிரியில்தான் 2022-இல் காலி மது பாட்டில் திட்டமும் தொடங்கியது. வாங்கும்போது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதல், திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் கையில். பத்து ரூபாய்க்காகப் பாட்டிலைப் பொறுக்குகிறவர் நாலு பேர் வந்தாலே கண்ணாடிச் சில்லு பாதி குறையும்.

பக்கத்து மாநிலத்தையும் பாருங்கள். திருவனந்தபுரம் ஆற்றுக்கால் பொங்கலுக்கு லட்சக்கணக்கான பெண்கள் நகரத் தெருக்களிலேயே அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். அங்கே பசுமை நெறிமுறை என்று வைத்து, தட்டும் டம்ளரும் வீட்டிலிருந்தே எவர்சில்வரில் கொண்டுவரச் சொல்கிறார்கள். பொங்கல் முடிந்ததும் அடுப்புக்கு வைத்த செங்கற்களை மாநகராட்சி சேகரித்து ஏழைகளுக்கு வீடு கட்டப் பயன்படுத்துகிறது. அவ்வளவு கூட்டத்துக்கு முடிவது நம் கடற்கரைக் கூட்டத்துக்கு முடியும்.

இதில் அரசாங்கத்தைவிட எனக்கு நம்பிக்கை ஊர்ப் பஞ்சாயத்துமேல்தான். பழவேற்காட்டில் ‘பாடு’ முறை தெரியும் அல்லவா? ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்கிறது. போலீஸ் கிடையாது, கோர்ட் கிடையாது, ஊர்ச் சொல் மட்டும்தான். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. மீனுக்கு முறை வைக்கத் தெரிந்த ஊருக்குக் குப்பைக்கு முறை வைக்கத் தெரியாதா? காணும் பொங்கல் சாயங்காலம் எந்தக் குப்பம் எந்தத் துண்டுக் கரையைப் பார்ப்பது என்று பிரித்துக்கொள்ளலாம். வண்டி நிறுத்தக் கட்டணம் வசூலித்து அந்தப் பணத்திலேயே கூலியும் சாக்கும் வாங்கலாம். திருவிழாவிலும் காதுகுத்திலும் சாப்பாடு இலையில், தண்ணீர் ஊர்ப் பொது டம்ளரில் என்று ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பிளாஸ்டிக் டம்ளர் உள்ளே வராது. வாடகைப் பாத்திரக் கடையில் டம்ளர் கேட்டால் நூறு நூறாகக் கிடைக்கும், கழுவ ஆள்தான் வேண்டும். கழுவுகிறவருக்கு நியாயமான கூலி கொடுத்தால், பேப்பர் கப்புக்குக் கொடுக்கும் காசு ஊருக்குள்ளேயே தங்கும்.

“நாம ஒருத்தர் செஞ்சா ஆச்சா?”

இந்தக் கேள்வி கட்டாயம் வரும், வரவும் வேண்டும். ஐந்து ரூபாய் ஷாம்பூ பாக்கெட், பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் இவற்றையெல்லாம் செய்கிறவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள். உள்ளே அலுமினியம் பூசிய அந்த உறையைக் காயலான் கடைக்காரர்கூட எடுக்க மாட்டார். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியது தயாரித்த கம்பெனியின் பொறுப்பு என்று சட்டமும் சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குவது அரசின் வேலை. அந்தப் பாரத்தையும் வீட்டுப் பெண்ணின் தலையில் ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பண்டிகை என்றாலே சமையல், சுத்தம், கோலம், விருந்து என்று இடுப்பு ஒடிகிற வேலை அவளுக்குத்தான். அதனால் லிஸ்ட் எழுதுவதும் டப்பா எடுத்துப் போவதும் வீட்டு ஆண்கள் செய்கிற வேலையாக இருக்கட்டும். சந்தைக்கு வண்டி எடுத்துப் போகிறவர்கள் அவர்கள்தானே.

அடுத்த தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைக்காமல், இதைப் படித்து முடித்ததும் நான்கு காரியம் செய்யுங்கள். பரணிலிருந்து தகர டப்பாக்களை இறக்கிக் கழுவி எடையை எழுதி ஒட்டுங்கள். ஒரு ஓலைப் பெட்டி வாங்குங்கள், முடைந்த பெண்ணிடமே வாங்கினால் இன்னும் நல்லது. தூக்குகளுக்குப் பேர் வெட்டுங்கள். பழைய வலை மூட்டை இருந்தால் நெருப்புக்குக் காத்திருக்க வைக்காமல் வேலியாகக் கட்டிவிடுங்கள். உங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக் கூட்டம் அடுத்து எப்போது கூடுகிறதோ, அன்று டம்ளர் விஷயத்தையும் எழுந்து பேசுங்கள். பேசி என்ன முடிவானது என்று எனக்கும் எழுதுங்கள்.